கையில் இருப்பதே போதும்: மாரி மழைக்கு முன் கைபேசியிலும் கணினியிலும் செய்யவேண்டியவை

(திரையில்: கல்லடிப் பாலம், மழை இருட்டிய வானம். பிறகு ஒரு மேசை, அதன் மேல் ஒரு கைபேசி.)

வணக்கம். மட்டக்களப்பிலிருந்து பேசுகிறேன். இந்த வீடியோவில் புதிய கைபேசியோ கணினியோ வாங்கச் சொல்லப்போவதில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கைபேசியிலும், மூலையில் தூசு படிந்து கிடக்கும் பழைய கணினியிலும் நாம் வாங்கவேண்டிய வேலையில் பாதியைக்கூட வாங்குவதில்லை. ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்யவும், வந்த கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவும், நாலு வரி தமிழில் தட்டச்சு செய்யவும் கொமினிகேஷன் கடைக்கு ஓடுகிறோம். அந்த வேலைகளில் பெரும்பகுதியை வீட்டிலேயே முடிக்கலாம். எப்படி என்று காட்டுகிறேன்.

முதலில் பத்திரங்கள். 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம். இவை ஒவ்வொன்றுக்கும் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் காணி உறுதிக்கும் நம் மக்கள் அலைந்த அலைச்சல் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. வாழைச்சேனை முதல் பொத்துவில் வரை தண்ணீர் எந்தப் பக்கத்தாலும் வரக்கூடிய நிலம் இது. ஆகவே மாரி தொடங்குமுன் ஒரு பகல்பொழுதை இதற்கென்று ஒதுக்குங்கள்.

(திரையில்: கூகுள் டிரைவ் செயலி, வலது பக்கக் கீழ் மூலையில் கமரா அடையாளம்.)

அன்ட்ரொய்ட் கைபேசியில் கூகுள் டிரைவைத் திறந்தால் கீழே கமரா அடையாளம் இருக்கும். அதைத் தொட்டால் அது ஸ்கேன் செய்யும் கருவியாகிவிடும். ஐபோன் வைத்திருப்பவர்கள் நோட்ஸ் செயலியில் இதே வேலையைச் செய்யலாம். சாதாரணமாகப் படம் எடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஸ்கேன் கருவி காகிதத்தின் நான்கு ஓரங்களையும் தானே கண்டுபிடித்து வெட்டி, கோணலை நிமிர்த்தி, பல பக்கங்களை ஒரே பிடிஎப் கோப்பாகக் கட்டித் தருகிறது. ஒரு பக்கம் பெரும்பாலும் ஒரு மெகாபைட்டைத் தாண்டாது.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். ஜன்னலோரம், பகல் வெளிச்சம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காகிதத்துக்கு அடியில் கடும் நிறத் துணி ஒன்றை விரியுங்கள். வெள்ளை மேசையில் வெள்ளைக் காகிதத்தின் ஓரம் கருவிக்குத் தெரியாது. கைபேசியைக் காகிதத்துக்கு நேர்மேலே பிடியுங்கள், உங்கள் கையின் நிழல் அதன் மேல் விழக்கூடாது. பழைய உறுதிகள் மடிப்பில் கிழிந்திருக்கும், மை மங்கியிருக்கும். அவற்றை இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள். மேலே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்தும் அழுத்தாதீர்கள், வெளிச்சம் தெறிக்கும். இருக்கும் நிலையில் வைத்து, மங்கிய இடத்தை மட்டும் இன்னொரு முறை நெருங்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

காணி உறுதியில் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுபவர்கள் பலர். எல்லை விவரிக்கும் அட்டவணையும், நொத்தாரிசின் அத்தாட்சிப் பக்கமும், இணைத்திருக்கும் நில அளவைப் படமும் அவசியம். தேசிய அடையாள அட்டைக்கு இரண்டு பக்கமும் வேண்டும். எடுத்து முடிந்ததும் கோப்பைத் திறந்து, உறுதி இலக்கம் இருக்கும் இடத்தை விரல்களால் பெரிதாக்கிப் பாருங்கள். இலக்கம் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தால்தான் வேலை முடிந்தது.

பிறகு பெயர். ஸ்கேன் செய்த திகதியையும் நேரத்தையுமே கருவி பெயராகப் போட்டுவிடும். அவசரத்தில் அந்தப் பெயரை வைத்து எதையும் தேட முடியாது. 'அம்மா பிறப்புச் சான்றிதழ்', 'களுவாஞ்சிக்குடி காணி உறுதி' என்று தமிழிலேயே மாற்றுங்கள். டிரைவ் தமிழ்ப் பெயரைத் தேடித் தரும்.

இந்தப் பிரதி மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது, அதை மறக்க வேண்டாம். ஆனால் மூலம் தொலைந்துவிட்டால், பதிவு இலக்கமும் திகதியும் பிரிவும் கையில் இருப்பவருக்குப் பிரதேச செயலகத்திலோ காணிப் பதிவகத்திலோ பிரதி எடுப்பது எவ்வளவோ இலகு. நம்பிக்கையான இன்னொருவரிடமும் ஒரு தொகுதி இருக்கட்டும். கட்டாரிலோ கனடாவிலோ இருக்கும் அண்ணனோ அக்காவோ அதற்கு நல்ல இடம். இங்கே மின்சாரமும் சிக்னலும் போனாலும் அங்கே பத்திரம் பத்திரமாக இருக்கும்.

(திரையில்: சிங்களத்தில் அச்சிட்ட ஒரு கடிதம். அதன் மேல் கைபேசி.)

அடுத்தது, கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் வரும் கடிதங்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1988 இல் வந்த 16ஆம் திருத்தம் அதைத் தெளிவாக்கியது. ஆகவே தமிழில் தாருங்கள் என்று கேளுங்கள், தயங்க வேண்டாம். அந்தத் தமிழ்க் கடிதம் வரும்வரை காத்திருக்க நேரமில்லாதபோது கூகுள் லென்ஸ் கைகொடுக்கும். கூகுள் தேடல் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கமரா அடையாளத்தைத் தொட்டு, மொழிபெயர்ப்பைத் தெரிவுசெய்து, கடிதத்தின் மேல் பிடியுங்கள். சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றினால் சில வாக்கியங்கள் முறுக்கிக்கொண்டு வரும். அப்போது ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் பொருள் பிடிபடும். அச்செழுத்தை நன்றாக வாசிக்கிறது, கையெழுத்தில் தடுமாறுகிறது.

இதை நம்பிக் கையொப்பம் மட்டும் வைத்துவிடாதீர்கள். என்ன விஷயம், யார் அனுப்பியது, எந்தத் திகதிக்குள் போகவேண்டும் என்பதை அறிய இது போதும். திகதியையும் பணத்தொகையையும் மூலக் கடிதத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், எண்கள் இரண்டு மொழியிலும் ஒன்றுதானே. கடன், வழக்கு, காணி சம்பந்தப்பட்டது என்றால் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் நேரில் காட்டாமல் நகர வேண்டாம்.

இனித் தமிழில் எழுதுவது. நம் பகுதியில் சங்கக் கூட்ட அறிக்கை, கோவில் நோட்டீஸ், பள்ளிவாசல் அறிவித்தல், பாடசாலை வினாத்தாள் என்று எவ்வளவோ ஆவணங்கள் இன்னும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினி பல வருடங்கள் நமக்குச் சோறுபோட்ட எழுத்துரு, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்று நீங்கள் எழுதிய சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கைபேசியில் வாசிக்க முடியாது. கூகுளில் தேடினால் கிடைக்காது. காரணம், கணினிக்குள் பதிவானது ஆங்கில எழுத்துத்தான். பாமினி அதன் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டியது, அவ்வளவே. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்று தனி இடம் இருப்பதால், எந்தக் கருவியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே வரும்.

பாமினியை யூனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. பழைய உரையைப் பிரதிசெய்து ஒட்டினால் நொடியில் மாறிவிடும். புதிதாக எழுதுவதற்கு விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் வந்துவிடும். பாமினியில் விரல் பழகியவர்களுக்கு ரெங்கநாதன் விசைப்பலகை நெருக்கமாக இருக்கும். எழுதும் பழக்கத்தை மாற்றாமலே யூனிகோடுக்கு வந்துவிடலாம்.

தட்டச்சே வராதவர்கள் பேசலாம். கூகுளின் ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, மைக் அடையாளத்தைத் தொட்டுப் பேசினால் எழுத்தாக வரும். மொழிப் பட்டியலில் இலங்கைத் தமிழ் இருந்தால் அதையே தெரிவுசெய்யுங்கள். நம் ஊர்ப் பேச்சை அது எப்போதும் சரியாகப் பிடிக்காது. சொற்களை முழுமையாக, சற்று நிதானமாகச் சொன்னால் பிழை வெகுவாகக் குறைகிறது. எழுதக் கை நடுங்கும் வயதானவர்கள் தாங்களே தங்கள் பிள்ளைக்குச் செய்தி அனுப்ப முடிகிறது என்றால், என்னைப் பொறுத்தவரை ஒரு கைபேசி செய்யக்கூடிய மிக நல்ல வேலை அதுதான்.

(திரையில்: வட்ஸ்அப், 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பக்கம்.)

அச்செடுக்க மட்டும் கடைக்குப் போகத்தான் வேண்டும். அங்கே ஒரு ஆபத்து இருக்கிறது, இதைக் கட்டாயம் கேளுங்கள். அச்செடுக்கும் அவசரத்தில் கடைக் கணினியில் வட்ஸ்அப்பைத் திறக்கிறோம், ஜிமெயிலில் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போகிறோம், காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். கணக்கு அங்கே திறந்தபடியே இருக்கிறது. அடுத்து உட்காருபவர் உங்கள் குடும்பச் செய்தியை வாசிக்கலாம். உங்கள் பெயரில் வெளிநாட்டு உறவினரிடம் பணமும் கேட்கலாம்.

இப்போதே வட்ஸ்அப்பைத் திறந்து, மேலே மூன்று புள்ளிகளைத் தொட்டு (ஐபோனில் என்றால் அமைப்புகளில்) 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்துக்குப் போங்கள். உங்களுடையது அல்லாத கணினி ஏதாவது பட்டியலில் இருந்தால் அதைத் தொட்டு வெளியேற்றுங்கள். கூகுள் கணக்கிலும் பாதுகாப்புப் பகுதியில் இதேபோல ஒரு பட்டியல் இருக்கிறது. இனிமேல் கடையில் குரோமைத் திறந்ததும் கன்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மறைநிலைச் சாளரம் வரும். அதை மூடியதும் உங்கள் கணக்கு வெளியேறிவிடும். ஆனால் இறக்கிய கோப்பு டவுன்லோட்ஸில் இருக்கும். அதை அழித்து, குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்துவிட்டு எழும்புங்கள். அடையாள அட்டைப் பிரதியை யாருடைய கணினியிலும் விட்டுவிட்டு வரக்கூடாது.

அப்படியே வட்ஸ்அப் கணக்கு அமைப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். ஆறு இலக்க எண் ஒன்றை நீங்களே வைக்கலாம். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், அறிந்தவர் பெயரிலிருந்து கேட்டாலும், கொடுக்கக்கூடாது. கேட்பது அவர்தானா என்பதை அழைத்துப் பேசி உறுதிசெய்யுங்கள்.

கைபேசி நிறைந்துவிட்டது என்பது பொதுவான முறைப்பாடு. பெரும்பாலும் காரணம் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும். வட்ஸ்அப்பில் தானாக இறங்குவதை நிறுத்துங்கள், சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பக்கத்தில் பெரிய கோப்புகளைப் பார்த்து அழியுங்கள். டேட்டாவும் மிஞ்சும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட் என்பது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான்.

கணினியில் எனக்கு மிகப் பிடித்தது விண்டோஸ் விசையும் வி எழுத்தும். முதல்முறை அழுத்தும்போது அதை இயக்கிவிட்டால், அதன் பிறகு நீங்கள் பிரதிசெய்யும் பலவற்றையும் வரிசையாகக் காட்டும். தவறி மூடிய இணையப் பக்கத்துக்கு கன்ட்ரோல், ஷிப்ட், டி. திரையில் வேண்டிய பகுதியை மட்டும் படமெடுக்க விண்டோஸ், ஷிப்ட், எஸ்.

கணினி மெதுவாக இருந்தால் வீசிவிடாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டி எனப்படும் வேகமான சேமிப்பகம் ஒன்று போட்டாலே ஆச்சரியப்படும் அளவுக்கு வேகம் கூடும். விண்டோஸ் 10 க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத கணினியில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாம். தமிழ் அதிலும் நன்றாக எழுதலாம்.

(திரையில்: மின்னல். சுவரில் இருந்து கழற்றிய செருகி.)

கடைசியாக மழைநாள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை தொடங்கும் அறிகுறி தெரிந்ததும் கணினியையும் ரௌட்டரையும் செருகியிலிருந்தே கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. தொலைபேசிக் கம்பி வழியாகவும் மின்னல் உள்ளே வரும், அதையும் கழற்ற வேண்டும். கைபேசி தண்ணீரில் விழுந்தால் உடனே அணைத்து, துடைத்து, காற்றோட்டத்தில் வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், அரிசித் தூள் துவாரங்களுக்குள் போகும். ஈரம் காயும்வரை சார்ஜ் போடக்கூடாது. வாவித் தண்ணீர், கடல் தண்ணீர் என்றால் உப்பு உள்ளே அரிக்கத் தொடங்கிவிடும், தாமதிக்காமல் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள்.

மின்சாரம் போய் சிக்னலும் தளம்பும்போது, கோபுரத்தைத் தேடித் தேடியே கைபேசி சார்ஜைத் தின்றுவிடும். விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, மணிக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். அழைப்பு போகாத நேரத்திலும் எஸ்எம்எஸ் போய்ச்சேர வாய்ப்புண்டு. உங்கள் பகுதியின் வரைபடத்தைக் கூகுள் மெப்ஸில் முன்கூட்டியே இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் வழி காட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, சுவசெரிய அம்புலன்ஸின் 1990, பொலிஸ் அவசர இலக்கம் 119, இவற்றோடு உங்கள் கிராம உத்தியோகத்தரின் இலக்கத்தையும் இன்றே சேமியுங்கள். ஒரு காகிதத்திலும் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள், கைபேசி அணைந்த வீட்டில் அந்தக் காகிதத்தைப் பார்த்து அடுத்த வீட்டிலிருந்து அழைக்கலாம்.