தேய்ந்த இடுப்பில் எலும்பு முறிந்தால்: பாதி மூட்டா, முழு மூட்டா?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 72 வயது. பல வருடமாக இடுப்பு மூட்டுத் தேய்மானம். நேற்றுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஒரு டாக்டர் பாதி மூட்டு மாற்றலாம் என்கிறார், இன்னொருவர் முழு மூட்டு என்கிறார். சொந்தக்காரர்கள் எண்ணெய்க் கட்டுப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?"

கட்டு வேண்டாம் அம்மா. இந்த வயதில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தால் முதுகில் புண் வரும், நுரையீரலில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும். முறிவை விட இவைதான் உயிரைப் பறிக்கின்றன. உடல்நிலை இடம்கொடுத்தால் இரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை நடந்துவிட வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. இடுப்பு முறிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்முனை முறிவுதான். அந்த முனையில் உள்ள பந்து, இடுப்பில் உள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் சுழல்கிறது. பந்துக்குக் கீழே உள்ள ஒடுங்கிய பகுதிதான் கழுத்து. தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகிவிட்டால், அதன் வழியே பந்துக்குப் போகும் இரத்த ஓட்டம் அறுந்துபோகும். ஸ்க்ரூ போட்டுச் சேர்த்தாலும் பந்து செத்துப்போகலாம். அதனால்தான் வயதானவர்களுக்கு மூட்டையே மாற்றுகிறோம். பாதி மாற்று என்றால் பந்து மட்டும் புதிது, கிண்ணம் பழையது. தேய்மானம் உள்ளவருக்கு அது, ஆட்டுக்கல்லில் குழியைத் தேய்ந்தபடியே விட்டுவிட்டுக் குழவியை மட்டும் மாற்றியது போல. வலி போகாது. விழுவதற்கு முன் அம்மா தானாக நடந்துகொண்டிருந்தார், நினைவு தெளிவாக இருக்கிறது, இதயமும் தாங்கும் என்றால் முழு மாற்றுத்தான் என் கருத்து. அதில் அறுவை நேரம் கூடும், மூட்டு நழுவும் வாய்ப்பும் சற்று அதிகம். ஏற்கெனவே படுக்கையோடு இருப்பவர் என்றால் பாதி மாற்றே போதும்.

முறிவு கழுத்துக்குக் கீழே இருந்தால் கதை வேறு. அங்கே இரத்த ஓட்டம் நன்றாக இருக்கும். பெரும்பாலும் எலும்புக்குள் கம்பி செலுத்திச் சேர்த்துவிடுவோம். தேய்மான வலி பிறகும் தொல்லை தந்தால் மூட்டு மாற்றைப் பின்னால் யோசிக்கலாம். ஆகவே எக்ஸ்ரேயைக் காட்டி, முறிவு எந்த இடத்தில், கிண்ணம் எப்படி இருக்கிறது என்று இரண்டையும் கேளுங்கள்.

அம்மாவுக்கு இருப்பது முடக்குவாதம் (பல மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்) என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த நோய் தலையைத் தாங்கும் கழுத்து எலும்பையும் பாதிக்கலாம், அதையும் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.

பெரும்பாலும் அறுவை முடிந்த மறுநாளே எழுப்பி நடக்க வைப்பார்கள், பயப்படாதீர்கள். வீட்டில் உட்காரும் கழிப்பறை வேண்டும். தரையில் குந்தி அரிவாள்மனையில் மீன் அரிவதை அம்மா விட்டுவிட வேண்டும். நம் கடலூர்த் தாய்மார்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உயரமான மேசை ஒன்றை இப்போதே பார்த்து வையுங்கள். எலும்பு வலுவிழப்புக்கான (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்தையும் டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள், அடுத்த இடுப்பையாவது காப்பாற்றலாம்.