சொன்ன பாவத்தை மறுபடியும் சொல்கிறவர்களுக்கு

அன்பான நேயர்களே, வணக்கம். தவக்காலம் வந்தால் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும், குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தன வரிசை நீளும். அதில் சிலர் ஒவ்வோர் ஆண்டும் பழைய பாவம் ஒன்றையே சொல்கிறார்கள். சாமியார் சொல்லி எனக்குத் தெரிந்ததல்ல. அவர் யாரிடமும் சொல்லவும் கூடாது. மறைக்கல்வி வகுப்பு முடிந்து நிற்கும்போது அவர்களே சொல்வதுதான். “சாமி மன்னிச்சிட்டார்னு தெரியுது, மனசுதான் இறங்கமாட்டேங்குது.”

இது இன்று நேற்றுத் தொல்லையல்ல. 1549-இல் நம் வேதாளையில் கொல்லப்பட்ட அந்தோனி கிரிமினாலி, 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர், இருவரும் இயேசு சபைக் குருக்கள். அந்தச் சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரே இதில் சிக்கியவர்தான். 1522-இல் தம் வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதிவைத்தே அறிக்கையிட்டார். அப்புறமும் ‘இதை விட்டுவிட்டேனோ, அதைச் சரியாகச் சொல்லவில்லையோ’ என்று மன்ரேசா ஊரில் மாதக்கணக்கில் அரித்தது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வந்தது. கடைசியில், பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் அதிலிருந்து மீண்டார்.

இதைச் சொன்னால் “அவர் புனிதர், நாங்கள் யார்?” என்பார்கள். சரி, நம் கரைக்கே வருவோம்.

காலையில் புருஷனோடு சண்டை. கோபத்தில் சோற்றுத் தூக்கைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. அன்று போன வள்ளம் திரும்பவில்லை. இப்படி ஒரு பெண்ணாவது இல்லாத கடற்கரை ஊர் இருக்குமா? “நான்தான் அவரைக் கொன்னுட்டேன்” என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பாள். அம்மா, உன் கோபம் உன்னுடையது. அதற்கு மன்னிப்புக் கேட்டாய், கிடைத்தது. காற்றையும் அலையையும் எதற்கு உன் கணக்கில் எழுதுகிறாய்? உனக்கு இருப்பது துக்கம். அதை அழுது தீர்க்கலாம், பாவமென்று அறிக்கையிட வேண்டியதில்லை.

வேறு மாதிரி ஆளும் உண்டு. டீசல், ஐஸ் செலவை ஏற்றிக் காட்டி, கூட வந்தவர்களின் பங்கைக் குறைத்தவர். ஓரியூருக்கு நடந்துபோவார், மெழுகுவர்த்தி ஏற்றுவார், பணத்தை மட்டும் கொடுக்கமாட்டார். இவரிடம் “மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க” என்று சொல்ல எனக்கு வாய் வராது. நற்செய்தியில் வரும் வரிவசூல்காரர் சக்கேயு, ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். நான்கு மடங்கு வேண்டாம், எடுத்ததையாவது கொடுக்கலாமே. பங்கை இழந்த ஆள் இறந்திருந்தால் பிள்ளைகள் இருப்பார்கள்.

இயேசுவின் சீடர் பேதுரு மூன்று முறை ஆண்டவரைத் தெரியாது என்றது, தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில், கரி நெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு. உயிர்த்தபின் ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் மூட்டிவைத்திருந்ததும் கரி நெருப்புதான், அதன்மேல் மீன். நற்செய்தியாளர் யோவான் இதைச் சும்மா எழுதியிருக்கமாட்டார் என்பது என் எண்ணம். கரைக்கு இருநூறு முழம்தான் இருக்கிறது, வலையில் 153 பெரிய மீன். அதை மற்றவர்கள் இழுத்துவரட்டும் என்று பேதுரு ஆண்டவரை நோக்கிக் கடலில் குதித்துவிட்டார். எந்தத் தொழிலாளி அப்படிச் செய்வான்?

“ஏன் அப்படிச் செய்தாய்?” என்று ஆண்டவர் கேட்கவில்லை. முதலில் சாப்பிட வைத்தார். அப்புறம், என்மேல் அன்பு இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் தம் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார். பேதுரு, “எனக்குத் தகுதியில்லை, வேறு ஆளைப் பாருங்கள்” என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனம் வருந்தினவன்தான்; முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். ஆனால் அவன் தன் தீர்ப்பைத் தானே எழுதிக்கொண்டான். நம் நெஞ்சு நம்மைக் குற்றவாளி என்றாலும் கடவுள் நம் நெஞ்சைவிடப் பெரியவர் என்கிறது யோவானின் முதல் திருமுகம், மூன்றாம் அதிகாரம். மன்னிப்பு கிடைத்ததா என்று மனம் லேசானதை வைத்து அளக்க வேண்டாம். மனம் மெதுவாகத்தான் வரும்.

அடுத்த முறை பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பழையதைச் சொல்ல நாக்கு துடித்தால், “சாமி, இது முன்பே சொன்னது, ஆனாலும் அரிக்கிறது” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அவர் வேறு விதமாகப் பேசுவார். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போயிருந்தால் மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவல்ல. 14416 என்ற மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். வணக்கம்.