கை பழக வேண்டும்

வணக்கம் நேயர்களே.

நான் முதலுதவி வகுப்பு எடுக்கிறவன். முதல் நாள் வகுப்பில் தவறாமல் ஒருவர் கேட்பார்: "சார், தப்பாகச் செய்துவிட்டால்?" நியாயமான பயம்தான்.

சரி, யோசித்துப் பாருங்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுகிறார். தோளைத் தட்டிக் கூப்பிட்டால் பதில் இல்லை. எப்போதோ ஒருதரம் வாயைத் திறந்து காற்றை இழுக்கிறார். அதைப் பார்த்து "மூச்சு இருக்கிறதே" என்று பலர் ஒதுங்கி நின்றுவிடுகிறார்கள். அந்த இழுப்பு மூச்சாகாது. இதயம் நின்றவருக்கும் அப்படி வரும். நாலைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். நாம் கை வைத்து அவருக்கு அதைவிட என்ன கெட்டது வந்துவிடப் போகிறது? விலா எலும்பு முறியலாம். முறிந்தாலும் அது கூடிவிடும்.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை வையுங்கள். அதன்மேல் மறு கை. முழங்கையை மடக்காமல், உடம்பின் பாரத்தை இறக்கி அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வரட்டும். வாயோடு வாய் வைத்து ஊதப் பழகாதவர்கள் அழுத்தினாலே போதும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் பயிற்சிப் பொம்மைமேல் செய்யச் சொன்னால், வாட்டசாட்டமான ஆள்கூட முதலில் தடவிக் கொடுக்கிற மாதிரிதான் அழுத்துவார். 5 சென்டிமீட்டர் எவ்வளவு என்று கைக்குத் தெரியாது. இரண்டு நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும். அதனால்தான், பக்கத்தில் ஆள் இருந்தால் அந்த நேரத்துக்குள் மாறிக்கொள்ளச் சொல்கிறோம். இதையெல்லாம் வானொலியில் என்னால் கற்றுத்தர முடியாது. ஒரு நாள் வந்து முட்டி போட்டுப் பழகத்தான் வேண்டும்.

அப்புறம், கூட்டம். "யாராவது ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்" என்று கத்தினால், அடுத்தவர் கூப்பிடுவார் என்று எல்லாரும் நிற்பார்கள். ஒருவரைக் கைகாட்டுங்கள்: "நீலச் சட்டைக்காரரே, நீங்கள் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு என்னிடம் வந்து சொல்லுங்கள்."

சின்ன விஷயங்களும் உண்டு. தீக்காயத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸோ பற்பசையோ வேண்டாம். வலிப்பு வந்தவர் வாயில் எதையும் திணிக்காதீர்கள்.

"தப்பாகிவிட்டால்?" என்று கேட்டவர்களில் ஒரு பெண், சில மாதம் கழித்துப் போன் செய்தார். பக்கத்து வீட்டுப் பையன் கண்ணாடி குத்திக் கையைக் கிழித்துக்கொண்டானாம். "துணியை வைத்து அழுத்தினேன் சார். அது நனைந்ததும் எடுத்துப் பார்க்கவில்லை, மேலேயே இன்னொரு துணியை வைத்தேன். ஆஸ்பத்திரி போகும்வரை விடவே இல்லை. ஆனால் கை நடுங்கிக்கொண்டே இருந்தது சார்."

"நடுங்கட்டும் அம்மா, பிடியை விடவில்லையே" என்றேன்.