கேட்காமல் வரும் யோசனையும் பிறந்த குழந்தையும்

பெரியோர்களே, முதல் குழந்தையை எதிர்பார்த்திருக்கும் தம்பதியரே, வணக்கம்.

குழந்தை பிறந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு யோசனையோடுதான் வருவார்கள். தூக்கமில்லாமல், உடம்பு வலியோடு கிடக்கும் தாய்க்கு அது குறை சொல்வதுபோலத்தான் படும். உடனே முகம் சுருங்கும், இல்லையென்றால் சொன்னதை அப்படியே செய்துவிட்டு மனசுக்குள் புழுங்குவாள். இரண்டிலும் நஷ்டம் குழந்தைக்குத்தான்.

யோசனை சொல்கிறவர் எதையோ பார்த்திருக்கிறார். அவர் சொல்லும் மருந்து தப்பாக இருக்கலாம், பார்த்தது சரியாக இருக்கலாம். அதனால் முழுசாகச் சொல்லி முடிக்கவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதைப் பாத்துட்டு அப்படித் தோணுச்சு அத்தை?" பக்கத்தில் உட்காரவைத்து, மெதுவாகக் கேட்க வேண்டும். குரல் உயர்ந்தால் அதே கேள்வி குறுக்கு விசாரணை ஆகிவிடும்.

"பால் பத்தலை, பவுடர் பால் குடு" என்கிறார் மாமியார். கேட்டால், "ஓயாம அழுவுது, துணியும் அவ்வளவா நனையலை" என்பார். இதைவிட நல்ல தகவல் மருத்துவருக்கே கிடைக்காது! ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும். 3 கிலோவில் பிறந்த குழந்தை முதல் சில நாளில் 2.8 கிலோ ஆவது இயல்பு; 2.7-க்கு இறங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும். துணி நனையவில்லையென்றால் முதலில் வாய் வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடங்கி, தாடை மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் காம்பு புண்ணாகும், பாலும் சரியாக இறங்காது. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை கொடுங்கள். சப்பச் சப்பத்தான் பால் ஊறும். தேவையில்லாமல் பவுடர் பாலில் வயிறு நிறைந்தால் சப்புவது குறையும், தாய்ப்பாலும் குறையும்.

சில யோசனைகளை ஏற்கவே கூடாது. ஒரு வயது முடியாமல் தேன் வேண்டாம், அதிலிருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கும். சேனை என்று பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பைத் தொட்டு வைப்பதும் இதில் சேர்ந்ததுதான். மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குள் இறங்கும். ஆறு மாதம் வரை தண்ணீரும் வேண்டாம்.

மறுக்கும்போது பொருளை மறுங்கள், ஆளை மறுக்காதீர்கள். "ஒரு வயசு முடியட்டும் அத்தை, மொத தேனு உங்க கையாலதான்" என்று சொல்லலாம். கூடவே ஒரு வேலையும் ஒப்படையுங்கள். பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை முதுகைத் தடவுவதற்கு, பேரன் பேத்தி எடுத்த கையைவிட நிதானமான கை ஏது? கணவர்மார்களே, உங்கள் அம்மாவிடம் மறுப்பைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பச்சை உடம்புக்காரி தலையில் அதைக் கட்டாதீர்கள்.

இனி, எந்தக் கேள்வியும் கேட்காமல் உடனே கிளம்ப வேண்டிய யோசனைகள். "கொழந்த மஞ்சளா தெரியுதே" என்று யார் சொன்னாலும் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். நெற்றியையும் நெஞ்சையும் விரலால் அழுத்தி எடுத்தால் தோலின் நிறம் தெரியும். கூடவே இருப்பவர் கண்ணுக்கு மெல்ல ஏறும் மஞ்சள் படாது, புதிதாக வந்தவர் கண்ணுக்குச் சட்டென்று படும். பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலும், பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. வெயிலில் காட்டிக் காத்திருக்கக் கூடாது.

துணி துவைக்கிறவர் சொல்வதையும் தள்ளாதீர்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலம் கடுகு மஞ்சளாக இருக்கும். "ஆய் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கு, மூத்திரம் துணியில மஞ்சக்கறையா ஒட்டுது" என்று அவர் சொன்னால் பித்தநாளம், அதாவது கல்லீரலிலிருந்து பித்தநீர் குடலுக்கு இறங்கும் குழாய், அடைத்திருக்கலாம். மஞ்சள் இரண்டு வாரத்தைத் தாண்டி நீடித்தாலும் இரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அந்த அடைப்புக்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் நல்ல பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே அந்தத் துணியை அலசாமல் ஒரு பையில் போட்டு, குழந்தையோடு எடுத்துக்கொண்டு போங்கள். பார்த்துச் சொன்னவரையும் கூடவே அழைத்துப் போங்கள். எந்த நாளிலிருந்து வெளுத்தது என்று மருத்துவர் கேட்பார், அதற்கு அவரால்தான் பதில் சொல்ல முடியும்.