பேரை எல்லோரும் பார்க்கப் போடுங்க

நேயர்களுக்கு வணக்கமுங்க.

நம்ம கொங்கு நாட்டில் பூக் கேட்பது தெரியாதவர் இருக்க மாட்டார்கள். ஒரு காரியத்தில் ஊர் இரண்டு பட்டால் வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், சிவப்புப் பூ ஒரு பொட்டணம் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்கிறோம். காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயிலில், பக்தர் கனவில் சாமி சொன்ன பொருளை உத்தரவுப் பெட்டியில் வைக்கும் முன்னாலும் பூப்போட்டுக் கேட்கிறார்கள். பொதுக் காரியத்திலும் குலுக்கிப் போட்டால் நியாயம் கிடைக்கும் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறேன்.

குலுக்கல் என்றதும் லாட்டரிச் சீட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது காசைக் கட்டிக் குடும்பத்தைக் கெடுத்தது. 2003-இல் நம் மாநிலத்தில் தடை செய்தார்கள். நான் சொல்வது, தகுதியில் சமமான பத்துப் பேர் ஒரே இடத்துக்கு நிற்கும்போது என்ன செய்வது என்பதைத்தான்.

கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு உண்டல்லவா? மனுக்கள் அதிகமானால் குலுக்கல்தான். அப்படியொரு குலுக்கலைப் பார்க்கப் போயிருந்தேன். சீட்டுகளை மடித்து டப்பாவில் போட்டு மூடப் போகும்போது ஒரு அம்மா எழுந்தார். "ஏனுங்க டீச்சர், எம்பட புள்ள பேரு உள்ள இருக்குதுங்களா?" அந்த டீச்சர் முகம் சுளிக்கவில்லை. டப்பாவை மேசையில் கவிழ்த்து, ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்து மறுபடி போட்டார். அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பிள்ளை பேர் உள்ளே போனதைக் கண்ணால் பார்த்திருந்தாரே!

இதைக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க்காரர்கள் ஆயிரம் வருடம் முன்பே புரிந்து வைத்திருந்தார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அது. ஊரில் 30 குடும்புகள், இன்றைய வார்டு போல. குடும்பு வாரியாகப் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். கோயில் பூசை செய்யும் நம்பிமாரில் மூத்தவர் அந்தக் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டுவார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலைக்கட்டு ஒன்றை எடுப்பான். அதைப் பிரித்து வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலை. அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கேளுங்கள், ஐந்து விரலையும் விரித்து! வேறு ஓலையை மறைக்க வழியே இல்லை. பிறகு அங்கிருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் அதை வாசிக்க வேண்டும். இப்படி எடுத்தவர்களில் 6 பேர் ஏரி வாரியத்துக்கு, அதாவது ஏரியைக் கவனிக்கும் குழுவுக்குப் போனார்கள். முந்தின மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவர் பெயரும், கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய உறவினர் பெயரும் குடத்துக்கே வராது.

ஆனால் அது பிராமணர் சபை. நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யார் பேர் உள்ளே போகிறது என்பதுதான் முதல் கேள்வி. குலுக்குவது அதற்குப் பிறகு.

எல்லாவற்றுக்கும் குலுக்கல் தேவையில்லை. கீழ்பவானிப் பாசனத்தில் 2,07,000 ஏக்கரையும் இரண்டாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். இந்தப் போகம் இல்லாவிட்டால் அடுத்த முறை நமக்கு வரும். திரும்பி வராத பொருளுக்குத்தான், பள்ளி இடம் போல, குலுக்கல் வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். அயர்லாந்து பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிக்கொள்கிறேன். 2016-இல் அங்கே சாதாரணக் குடிமக்கள் 99 பேரைக் குலுக்கல் போலவே தேர்ந்தெடுத்து, கருக்கலைப்புச் சட்டம் பற்றி மாதக்கணக்கில் விவாதிக்க வைத்தார்கள். அவர்கள் சொன்ன பிறகுதான் 2018-இல் மக்கள் வாக்கெடுப்பு. கோவை மாநகராட்சியில் 100 வார்டு இருக்கிறது. மாநகரக் குப்பையைக் கொட்டும் வெள்ளலூர் கிடங்குக்கு என்ன வழி என்று பேச, வாக்காளர் பட்டியலிலிருந்து வார்டுக்கு ஒருவரை, எல்லோரும் பார்க்க, குலுக்கி எடுத்து உட்கார வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வெள்ளலூர்க்காரர் பேரும் அதில் இருக்கட்டும். வணக்கமுங்க.