அணுவின் படம் ஏன் மாறியது?

(காரைக்குடியில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

அணு அமைப்புப் பாடத்தை நடத்தும்போது டால்டன், தாம்சன், ரூதர்ஃபோர்டு, போர் என்று பெயர்களை வரிசையாகச் சொல்லி, ஆளுக்கொரு படம் வரைந்து, கீழே குறைபாடுகளை எழுதிப்போட்டு முடித்துவிடுகிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் முன்னவர் தவறினார், பின்னவர் திருத்தினார் என்ற எண்ணமே மாணவர் மனத்தில் தங்குகிறது. எந்தச் சான்று எந்த மாதிரியை அசைத்தது என்பது தங்குவதில்லை. வகுப்பு நேரத்தின் பெரும்பங்கு சான்றுக்கே உரியது என்பது என் உறுதியான கருத்து.

வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்ததால் இவ்வூரில் எழுந்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை நம் பிள்ளைகள் 'சிக்ரி' என்று அறிவார்கள். அந்தத் துறைக்கு அடித்தளமான மின்னாற்பகுப்பு (கரைசலில் மின்சாரம் செலுத்திப் பொருளைப் பிரித்தல்) விதிகளை ஃபாரடே 1830களில் கண்டறிந்தார். மயில்துத்தக் கரைசலில் இரண்டு செம்புத் தகடுகளை நிறுத்தி மின்சாரம் செலுத்தினால், செலுத்திய அளவுக்கு நேர்விகிதத்திலேயே செம்பு படிகிறது. பொருள் அணுக்களால் ஆனது என்றால், அணு ஒன்றுக்கு இவ்வளவு என்று மின்சாரமும் பிரிந்துதானே செல்ல வேண்டும்? இந்தக் கேள்வி மாணவர் வாயிலிருந்தே வந்துவிட்டால், 1897இல் தாம்சன் கண்ட எலக்ட்ரான் அவர்களுக்குத் திடீர்ச் செய்தியாக இராது. மின்சாரம் பாய்ச்சிய கண்ணாடிக் குழாயில் எந்த வாயுவை நிரப்பினாலும், எந்த உலோகத்தை மின்முனையாக வைத்தாலும் அதே துகள் வந்ததால், அது எல்லா அணுக்களிலும் உள்ளது என்று அவர் முடிவு செய்தார். அணுவோ மின்சுமையற்றது, ஆகவே நேர்மின்னூட்டம் அணு முழுவதும் பரவியிருக்க, அதற்குள் எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்று 1904இல் அவர் சொன்னது அன்றைய சான்றுகளுக்குப் பொருந்திய விடை. தர்பூசணியும் விதையும் என்று சொல்லி அதை நகைப்புக்குரியதாக ஆக்கிவிடக் கூடாது.

அடுத்த கட்டத்தில் நிதானம் வேண்டும். தாம்சன் மாதிரி சரியென்றால், எலக்ட்ரானைப்போல் ஏழாயிரம் மடங்குக்கு மேல் நிறையுள்ள ஆல்பா துகள் (கதிரியக்கப் பொருள்கள் உமிழும் நேர்மின் துகள்) மெல்லிய உலோகத் தகட்டை எப்படிக் கடக்கும் என்று மாணவர்களே முதலில் எழுதட்டும். ஏறக்குறைய நேராகவே கடக்கும் என்று எழுதுவார்கள். அது சரியான கணிப்பு. பிறகு, 1909இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் பிளாட்டினத்தில் மோதவிட்டவற்றுள் ஏறத்தாழ 8,000க்கு ஒன்று திரும்பி வந்ததைச் சொல்லுங்கள். பரவிய மின்னூட்டத்தால் இது முடியாது. நேர்மின்னூட்டமும் நிறையின் பெரும்பகுதியும் மிகச் சிறிய இடத்தில் குவிந்திருந்தால்தான் முடியும் என்று 1911இல் ரூதர்ஃபோர்டு காட்டினார். ஓர் அட்டைக்கடியில் மரத்துண்டை மறைத்துவைத்துக் கோலிக்குண்டுகளை உருட்டி, அவை தெறித்து வரும் திசையைக் கொண்டே துண்டின் வடிவத்தைக் கணிக்கச் செய்தால், காணாத ஒன்றை அறியும் இந்த முறை மாணவர் கைக்கே வந்துவிடும்.

அந்தக் குவிந்த மையமான அணுக்கருவைச் சுற்றும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து அதில் விழாதது ஏன் என்ற வினாவோடு 1913இல் நீல்ஸ் போர் வருகிறார். ஹைட்ரஜன் உமிழும் ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகளை அவருடைய மாதிரி துல்லியமாக விளக்கியது. இரண்டே எலக்ட்ரான் உள்ள ஹீலியத்தில் தடுமாறியது. 1926இல் எலக்ட்ரானை அலையாக விவரிக்கும் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்தபின் வட்டப்பாதை என்ற கருத்துக்கே இடமில்லாமல் போயிற்று. ஆனாலும் நாம் கரும்பலகையில் வரையும் வட்டங்கள் மேல்நிலை வகுப்பு வரை மாணவரைத் தொடர்கின்றன. அவை ஆற்றல் நிலைகளைக் குறிப்பவை, எலக்ட்ரான் ஓடும் தடங்கள் அல்ல என்பதை, வரையும் அன்றே சொல்லிவிடுங்கள்.