டெக்சன் பெட்டியும் சோனிப் பெட்டியும்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலிப் பெட்டி என்றால் சோனி, பிலிப்ஸ், பானசோனிக் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். சீனாவின் டெக்சன் பெயரை எடுத்தால், சிற்றலை (ஷார்ட்வேவ்) கேட்பவர்களைத் தவிர மற்றவர்கள், "அது எந்த ஊர்ச் சரக்கு?" என்பார்கள்.

அந்த டெக்சனின் பிஎல்-380 பெட்டியையும், 2001-இல் வெளிவந்த சோனியின் எஸ்டபிள்யூ7600ஜிஆர் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்கிறேன். விலையில் சோனி பல மடங்கு. மத்திய அலையில் (மீடியம்வேவ்) அன்றாடம் கேட்க அந்தக் கூடுதல் பணம் தண்டம் என்பேன்.

பழைய பெட்டிகளில் நிலையங்களைப் பிரித்தெடுக்கச் சுருள்களும் வடிகட்டிகளும் வரிசையாக வேண்டும். தொழிற்சாலையில் அவற்றைத் திருகித் திருகிச் சரிசெய்தாக வேண்டும். டெக்சனில் அந்த வேலையைச் சிலிக்கான் லேப்ஸின் சில்லு ஒன்று கணக்குப் போட்டே முடித்துவிடுகிறது. விலை குறைந்தது அதனால்தான். பக்கத்து நிலையம் குறுக்கிட்டால், பெட்டி உள்ளே விடும் அலைவரிசையின் அகலத்தை 6 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1 வரை குறைக்கலாம். சோனியில் அந்தத் தெரிவு கிடையாது.

வாங்கியதும் ஒன்றைச் சரிபாருங்கள். மத்திய அலை நிலையங்களுக்கு நம் நாட்டில் இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 10. பெட்டி 10-இல் இருந்தால் சென்னை 720 கிடைத்துவிடும். அது இரண்டாலும் வகுபடும் எண். திருச்சி 936-ஐத் தானியங்கித் தேடல் தாண்டிப் போய்விடும்.

டெக்சன் தோற்கும் இடம் சிற்றலை. நிலையத்தின் அலை மங்கும்போது இது ஒலியையே தாழ்த்திவிடுகிறது. இரைச்சல் காதை உறுத்தக் கூடாதாம்! தொலைதூர நிலையத்தைத் துரத்துகிறவருக்கு அந்த இரைச்சலுக்குள்தானே சொல் இருக்கிறது? சோனியிலோ அலையோடு ஒத்திசைந்து கேட்கும் 'சின்க்' வசதியைப் போட்டால், அலை ஏறி இறங்கினாலும் குரல் அவ்வளவாகச் சிதைவதில்லை. பொழுதுபோக்காகத் தங்களுக்குள் வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலிக்காரர்களின் எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) முறைப் பேச்சும் அதில் புரியும். பிஎல்-380-இல் வாத்துச் சத்தம்தான்.

ஆனால் சோனி அந்தப் பெட்டியின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இந்த இரண்டு வசதியும் தேவைப்படுகிறவர் டெக்சனிலேயே பிஎல்-660-ஐப் பார்க்கலாம்.

எதை வாங்கினாலும், எல்இடி விளக்கையும் செல்போன் சார்ஜரையும் அணைத்துவிட்டுச் சோதியுங்கள். திருச்சி அப்போதும் கரகரத்தால், நீட்டு ஆன்டெனாவை இழுத்துப் பயனில்லை. மத்திய அலையைப் பிடிப்பது உள்ளே கிடக்கும் ஃபெரைட் தண்டு. பெட்டியையே மெல்லத் திருப்பிப் பாருங்கள்.

வணக்கம்.